பிறந்த வெள்ளாட்டுக் குட்டி: முதல் மணி நேரம் தொடங்கிப் பால் மறக்கும் வரை

வெள்ளாட்டுக் குட்டி பிறக்கும்போது அதன் ரத்தத்தில் நோய் எதிர்ப்புப் பொருள் ஏறக்குறைய ஒன்றுமே இருக்காது. மனிதக் குழந்தைக்கு அது வயிற்றில் இருக்கும்போதே நஞ்சுக்கொடி வழியாக வந்து சேர்ந்துவிடும். ஆட்டின் நஞ்சுக்கொடி அதை உள்ளே விடாது. குட்டிக்கு எதிர்ப்பு கிடைக்கும் ஒரே வழி சீம்பால். அதிலும் ஒரு கெடு உண்டு: சீம்பாலில் உள்ள எதிர்ப்புப் பொருளை அப்படியே ரத்தத்துக்கு அனுப்பும் திறன் குட்டியின் குடலுக்குப் பிறந்த முதல் சில மணி நேரம்தான் நன்றாக இருக்கும். ஆறு மணி நேரத்துக்குப் பிறகு அது குறைந்துகொண்டே போய், ஒரு நாள் முடிவதற்குள் ஏறக்குறைய அடைபட்டுவிடும். பத்தாம் நாள் கழிச்சலில் சாகும் குட்டிக்கும், இருபதாம் நாள் மூட்டு வீங்கி நொண்டும் குட்டிக்கும் காரணம் தேடினால், பல நேரம் அந்த முதல் நாளில்தான் போய் நிற்க வேண்டியிருக்கும்.

இங்கே சொல்லும் அளவுகள் எல்லாம் கன்னி, கொடி, சேலம் கருப்பு போன்ற நம் ரகங்களுக்கும், ஐந்து பத்து ஆடு வைத்திருக்கும் வீட்டுக் கொட்டகைக்கும் பொருந்தும். இந்தக் குட்டிகள் பெரும்பாலும் ஒன்றரை முதல் இரண்டரை கிலோ எடையில் பிறக்கும். போயர், ஜமுனாபாரி கலப்பாக இருந்தால் மூன்று கிலோவையும் தாண்டலாம். அப்போது பாலின் அளவை எடைக்கு ஏற்பக் கூட்டிக்கொள்ளுங்கள்.

ஈனுவதற்கு முந்தைய மாதம்

சினைக்காலம் ஏறத்தாழ 150 நாள். ஐந்து நாள் முன்னே பின்னே ஆகலாம். கிடா சேர்ந்த தேதியைச் சுவரில் கரியால் எழுதி வைத்தாலே போதும், பாதி வேலை முடிந்தது. வயிற்றுக் குட்டியின் எடையில் பெரும்பங்கு கடைசி ஒன்றரை மாதத்தில்தான் கூடும். அந்தச் சமயத்தில் தாய்க்கு மேய்ச்சல் மட்டும் போதாது. நாளுக்கு 200 முதல் 300 கிராம் அடர்தீவனம் (தானியம், புண்ணாக்கு, தவிடு கலந்தது) சேர்த்துக் கொடுங்கள். திடீரென்று ஒரே நாளில் கூட்டாமல் ஒரு வாரத்தில் படிப்படியாக ஏற்ற வேண்டும்.

துள்ளுமாரி (நன்றாக இருக்கும் குட்டி திடீரென்று துடித்துச் சாகும் நோய்) தடுப்பூசியை ஈனுவதற்கு ஒரு மாதம் முன்பு தாய்க்குப் போட்டுவிட்டால், அந்த எதிர்ப்பு சீம்பாலில் இறங்கிக் குட்டிக்கும் போகும். ஊசி போடும்போது சினையாடு என்று சொல்லிவிடுங்கள். ஆட்டை முரட்டுத்தனமாகப் பிடித்து அமுக்கக் கூடாது.

ஈனுவதற்கு ஒரு வாரம் முன்பே தனி இடம் ஒதுக்குங்கள். ஐந்தடிக்கு ஐந்தடி போதும். பழைய புழுக்கையைச் சுரண்டி எடுத்துவிட்டு, சுண்ணாம்பு தூவி ஒரு நாள் காயவிட்டு, மேலே உலர்ந்த வைக்கோலோ கடலைக்கொடியோ நான்கு விரல் கனத்துக்குப் பரப்புங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈனும் ஆடு என்றால் காற்று வரும் பக்கம் சாக்குப் படுதா கட்டுவது கட்டாயம். ஈர உடம்பில் காற்று படுவதுதான் குட்டியைக் கொல்லும். வெறும் குளிரை அது ஓரளவு தாங்கிக்கொள்ளும். பரண் கொட்டகை வைத்திருப்பவர்கள் குட்டி நிற்கும் இடத்தில் பலகை இடுக்குகளைச் சாக்கால் மூடிவிட வேண்டும். பெரிய ஆட்டுக்குச் சரியாக இருக்கும் இடுக்கில் குட்டியின் கால் சிக்கி ஒடிந்துவிடும்.

கைக்கு எட்டும் இடத்தில் ஒரு பையில் இவை இருக்கட்டும்: சுத்தமான பழைய பருத்தித் துணி நான்கைந்து, டிஞ்சர் அயோடின் அல்லது போவிடோன் அயோடின், புதிய பிளேடு, கொதிநீரில் போட்டெடுத்த நூல், சோப்பு, கையுறை, ஊசி இல்லாத 20 மில்லி சிரிஞ்சு, ரப்பர் காம்பு வைத்த பால் புட்டி, டிஜிட்டல் காய்ச்சல்மானி, மீன்காரர் வைத்திருப்பதுபோல் ஒரு தொங்கு தராசு. காய்ச்சல்மானியை வீட்டு மனிதர்களுக்கு வைத்திருப்பதோடு கலக்காதீர்கள்.

ஈனும் வேளை

மடி விம்மி, காம்பு மினுமினுக்கும். வாலின் இருபுறமும் உள்ள நரம்பு தளர்ந்து அங்கே குழி விழும். ஆடு தனியே ஒதுங்கிக் காலால் தரையைப் பறித்து, படுத்து எழுந்து, தன் விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்க்கும். இந்தக் கட்டம் அரை நாள்கூட நீளும், தலை ஈத்தில், அதாவது முதல் முறை ஈனும்போது, இன்னும் இழுக்கும். இப்போது நீங்கள் செய்ய வேண்டியது தொந்தரவு செய்யாமல் இருப்பதுதான்.

பனிக்குடம் தெரிந்து ஆடு பலமாக முக்கத் தொடங்கியதும் மணி பாருங்கள். முன்னங்கால் குளம்பு இரண்டும், அவற்றின் மேல் மூக்கும் சேர்ந்து வருவது சரியான நிலை. பின்னங்கால் இரண்டும் முதலில் வந்தாலும் பெரும்பாலும் பிறந்துவிடும். ஆனால் இடுப்பு வெளியே வந்த பிறகு தாமதம் கூடாது. தலை இன்னும் உள்ளே இருக்கும்போதே தொப்புள்கொடி நசுங்கிவிடும், குட்டி அங்கேயே மூச்சிழுத்து நீரை விழுங்கிவிடும். ஒரே ஒரு கால், வெறும் தலை, வெறும் வால், இவற்றில் எது தெரிந்தாலும் சிக்கல். அரை மணி நேரம் பலமாக முக்கியும் எதுவும் நகரவில்லை என்றாலும் சிக்கல்தான். உடனே கால்நடை மருத்துவரை அழையுங்கள். 1962 என்ற இலவச எண்ணிலும் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியைக் கூப்பிடலாம். பழக்கமில்லாத கையை உள்ளே விட்டுத் துழாவினால் கர்ப்பப்பை கிழியும்.

சரியான நிலையில் வந்து, கொஞ்சம் உதவினால் போதும் என்றால், ஆடு முக்கும்போது மட்டும், பின்புறமாகவும் கீழ்நோக்கியும் இழுக்க வேண்டும். முக்கல் நின்றால் கையும் நிற்க வேண்டும்.

வீட்டில் கர்ப்பிணிகள் இருந்தால் இந்த இடத்துக்கு வரவேண்டாம். புருசெல்லா போன்ற கிருமிகள் ஈனும் நீரிலும் நஞ்சுக்கொடியிலும் அதிகம் இருக்கும். மற்றவர்களும் கையுறை போட்டுக்கொள்வது நல்லது.

முதல் அரை மணி நேரம்

குட்டி விழுந்ததும் முதலில் மூக்கு, வாய். விரலில் துணி சுற்றி வழும்பைத் துடைத்தெடுங்கள். மூச்சு வரவில்லை என்றால் ஒரு வைக்கோல் தாளை மூக்கில் விட்டுக் கிச்சுக்கிச்சு மூட்டுங்கள். தும்மல் வந்தால் மூச்சும் வந்துவிடும். அதற்கும் அசையவில்லை என்றால் துணியால் விலாவை அழுத்தித் தேய்க்க வேண்டும். பின்னங்காலைப் பிடித்துத் தலைகீழாக ஆட்டுவது பலர் செய்வதுதான். செய்வதானால் துணி சுற்றி இறுகப் பிடித்து, இரண்டு மூன்று முறை, அதுவும் மெல்ல. வழுக்கிச் சுவரில் மோதிய குட்டிகள் உண்டு.

மூச்சு வந்ததும் குட்டியைத் தாயின் முகத்தருகே வைத்துவிடுங்கள். தாய் நக்குவதில் மூன்று வேலை ஒன்றாக நடக்கிறது: உடம்பு காய்கிறது, ரத்த ஓட்டம் கூடுகிறது, தாய்க்குக் குட்டியின் வாசனை பதிகிறது. அந்த வாசனைதான் அடையாளம். மழை நாளிலும் தலை ஈத்து ஆடு தடுமாறும்போதும் நீங்களும் துணியால் துடைக்கலாம். ஆனால் முற்றிலும் துடைத்தெடுத்து, சோப்பு வாசனைக் கையோடு கொண்டுபோய் விட்டால் சில ஆடுகள் சொந்தக் குட்டியையே முட்டித் தள்ளும். குட்டியைத் தண்ணீர் ஊற்றிக் குளிப்பாட்டும் பழக்கத்தை அடியோடு விட்டுவிடுங்கள்.

தொப்புள்கொடி தானாக அறுந்திருந்தால் நல்லது. நீளமாகத் தொங்கினால் வயிற்றிலிருந்து இரண்டு அங்குலம் விட்டு நூலால் இறுக்கிக் கட்டி, அதற்குக் கீழே பிளேடால் வெட்டுங்கள். பின்பு ஒரு சிறிய மூடியில் அயோடினை ஊற்றி, கொடி முழுவதும் முங்கும்படி வயிற்றோடு சேர்த்துப் பிடியுங்கள். பஞ்சால் தொட்டு வைப்பது போதாது. இதே முழுக்கு மாலையில் ஒருமுறை, மறுநாள் ஒருமுறை. சாணம், மஞ்சள், சாம்பல் எதையும் தொப்புளில் வைக்க வேண்டாம். சாணத்தில் ரண ஜன்னிக் கிருமி இருக்கும். ஈரக்கொடி அதற்குத் திறந்த கதவு.

காக்கையையும் நாயையும் மறந்துவிடக் கூடாது. வெட்டவெளியில் ஈனும் ஆட்டைச் சுற்றிக் காக்கை கூடினால் குட்டியின் கண்ணையும் தொப்புளையும் கொத்திவிடும். பெரும்பாலும் இரண்டாவது குட்டிக்காகத் தாய் முக்கிக்கொண்டிருக்கும்போதுதான் இது நடக்கும்.

சீம்பால்

கிராமங்களில் இன்னும் வழங்கும் ஒரு நம்பிக்கை, நஞ்சுக்கொடி விழுந்த பிறகுதான் குட்டியை ஊட்ட விட வேண்டும் என்பது. இதனால் போகும் குட்டிகள் அதிகம். உண்மை அதற்கு நேர்மாறானது: குட்டி காம்பைச் சப்பும்போது சுரக்கும் ஹார்மோன்தான் கர்ப்பப்பையைச் சுருக்கி நஞ்சுக்கொடியை வெளியே தள்ளுகிறது. ஊட்ட விட்டால் கொடி சீக்கிரம் விழும்.

குட்டி எழுந்து நின்றதும், அதாவது பெரும்பாலும் அரை மணிக்குள், மடியைச் சுத்தமான வெந்நீர்த் துணியால் துடையுங்கள். இரண்டு காம்பிலும் முதல் சில பீச்சுகளைத் தரையில் பீய்ச்சி விடுங்கள். காம்பு நுனியில் மெழுகுபோல் ஓர் அடைப்பு இருக்கும். சில குட்டிகளுக்கு அதை உறிஞ்சித் தள்ளும் பலம் இருக்காது. வெளியிலிருந்து பார்த்தால் குட்டி சப்புவதுபோலவே தெரியும், வயிற்றில் ஒன்றும் போயிருக்காது. பால் போனதா என்பதற்கு அடையாளம் வயிறுதான்: விலாவுக்குப் பின்னால் விரலால் தடவினால் நிரம்பி, மெத்தென்று இருக்கும். வாலை ஆட்டிக்கொண்டு குடிக்கும் குட்டிக்குப் பால் இறங்குகிறது.

இரண்டு கிலோ குட்டிக்கு முதல் ஒரு மணி நேரத்துக்குள் ஏறத்தாழ 100 மில்லியும், முதல் நாள் முழுவதும் குறைந்தது 200 மில்லியும் போக வேண்டும். 300 போனால் இன்னும் நல்லது. தாயிடம் நன்றாக ஊட்டும் குட்டிக்கு நீங்கள் அளக்க வேண்டியதில்லை. ஊட்டத் தெரியாத குட்டியைக் காம்பிடம் கொண்டுபோய், வாயைத் திறந்து இரண்டு சொட்டு பீய்ச்சி, வாலடியைச் சொறிந்துவிடுங்கள். தாய் நக்குவதாக நினைத்துச் சப்பத் தொடங்கும். அப்படியும் முடியாவிட்டால் கறந்து புட்டியில் கொடுங்கள். குட்டி நின்றபடியோ மடியில் நெஞ்சு படிந்தபடியோ இருக்க வேண்டும், தலை சற்றே மேல்நோக்கி. மல்லாக்கப் படுக்க வைத்து ஊற்றினால் பால் நுரையீரலுக்குப் போய்விடும்.

மூன்று குட்டி போட்டால் கணக்கு வேறு. காம்பு இரண்டு, வாய் மூன்று. மெலிந்தது எப்போதும் ஓரத்தில் நிற்கும். மற்ற இரண்டும் குடிக்கும் முன் அதை முதலில் ஊட்ட விடுங்கள். சவலையாகிவிட்ட குட்டியை மீட்பது இரண்டு வார உழைப்பு.

சீம்பால் மிஞ்சினால் வீணாக்காதீர்கள். 50 மில்லி அளவில் சிறு டப்பாக்களில் ஊற்றி உறைபெட்டியில் வைத்தால் மாதக்கணக்கில் இருக்கும், அடுத்த தாயில்லாக் குட்டிக்கு உயிராகும். உருக்கும்போது கை பொறுக்கும் சூட்டு நீரில் டப்பாவை வைக்க வேண்டும். அடுப்பில் வைத்தால் திரிந்து, எதிர்ப்புப் பொருள் கெட்டுவிடும். ஆட்டுச் சீம்பாலே இல்லை என்றால் பக்கத்து வீட்டில் ஈன்ற பசுவின் சீம்பால் நல்ல மாற்று. பாலில் முட்டையும் விளக்கெண்ணெயும் கலந்து கொடுக்கும் கைவைத்தியம் சக்தி தரும், மலத்தை இளக்கும், அவ்வளவுதான். எதிர்ப்பு அதில் ஒரு துளியும் கிடையாது.

முதல் நாளுக்குள் கரிய, ஒட்டும் காட்டுப்பீ வெளியேற வேண்டும். வராமல் குட்டி முக்கிக்கொண்டிருந்தால் வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியால் ஆசனவாயைத் தடவிவிடுங்கள். அங்கே துளை இருக்கிறதா என்றும் அப்போதே பார்த்துவிடுங்கள். அரிதாக, இல்லாமலேயே பிறக்கும் குட்டிகள் உண்டு.

சில்லிட்ட குட்டி

இதைத் தனியாகச் சொல்லக் காரணம், இங்கே நல்ல மனதோடு செய்யும் ஒரு தவறே குட்டியைக் கொல்கிறது. துவண்டு கிடக்கும் குட்டியைப் பார்த்ததும் எல்லோரும் செய்வது வாயில் பாலை ஊற்றுவது. உடம்பு சில்லிட்டிருக்கும்போது விழுங்கும் உணர்வும் மங்கியிருக்கும், குடலும் ஓடாது. ஊற்றிய பால் ஒன்று நுரையீரலுக்குப் போகும், அல்லது வயிற்றில் தேங்கிப் புளிக்கும்.

முதலில் விரலை வாய்க்குள் விட்டுப் பாருங்கள். வாய் வெதுவெதுப்பாக இருந்து விரலைச் சப்பினால் பால் கொடுக்கலாம். வாய் குளிர்ந்திருந்தால் கொடுக்கக் கூடாது. அடுத்து ஆசனவாயில் காய்ச்சல்மானி. ஆரோக்கியமான குட்டிக்கு 102 முதல் 103 டிகிரி பாரன்ஹீட் இருக்கும். 100க்குக் கீழே போனால் உடனே துடைத்துக் காயவைத்து, சாக்கில் சுற்றிச் சீம்பால் கொடுங்கள். 99க்குக் கீழே என்றால் முதலில் சூடு, பிறகுதான் பால்.

சூடேற்ற எளிய வழி: ஓர் அட்டைப்பெட்டி, அடியில் சாக்கு, இரண்டு புட்டிகளில் வெந்நீர், புட்டியைச் சுற்றித் துணி. குட்டியை நடுவில் வைத்து மேலே தளர்வாக மூடுங்கள், தலை வெளியே இருக்கட்டும். விளக்கு வைப்பதானால் பழைய 100 வாட் குண்டு பல்புதான் வேண்டும். எல்இடி பல்பு வெளிச்சம் தரும், சூடு தராது. தரையிலிருந்து இரண்டு அடிக்கு மேல், கம்பியால் கட்டித் தொங்கவிடுங்கள். வயரை நம்பித் தொங்கவிட்ட பல்பு வைக்கோலில் விழுந்து கொட்டகையே எரிந்துபோகும். குட்டி விளக்கைவிட்டு நகர்ந்துபோய் மூச்சிரைத்தால் சூடு அதிகம்.

பிறந்து ஐந்து மணி நேரத்துக்கு மேலாகி, பால் குடிக்காமலே சில்லிட்டுப் போன குட்டிக்கு இன்னொரு ஆபத்து. உடம்பிலிருந்த சேமிப்பு தீர்ந்து ரத்தத்தில் சர்க்கரை அடிமட்டத்தில் இருக்கும். அந்நிலையில் சூடு மட்டும் ஏற்றினால் இழுப்பு வந்து இறந்துவிடும். கால்நடை மருத்துவர் குளுக்கோஸ் ஊசி போட்ட பிறகே சூடேற்ற வேண்டும். வெப்பம் 100ஐத் தாண்டி, குட்டி தலையைத் தூக்கியதும் 50 மில்லி சீம்பாலில் தொடங்கலாம்.

தாயைக் கவனிப்பது

ஈன்றதும் ஒரு வாளி வெதுவெதுப்பான நீரில் ஒரு கை வெல்லமும் ஒரு சிட்டிகை உப்பும் போட்டு வையுங்கள், மடமடவென்று குடித்துவிடும். கம்பங்கூழ் கொஞ்சமாகத் தரலாம். பிள்ளை பெற்ற உடம்பு என்று அரிசிச் சோறு, தானியம் எல்லாம் அள்ளி வைத்தால் வயிறு புளித்து ஆடு சாய்ந்துவிடும்.

நஞ்சுக்கொடி சில மணி நேரத்தில் விழும். 12 மணி நேரம் ஆகியும் விழாவிட்டால் மருத்துவரிடம் சொல்லுங்கள். தொங்குவதைப் பிடித்து இழுப்பதும், அதில் செருப்போ கல்லோ கட்டித் தொங்கவிடுவதும் கர்ப்பப்பையில் ரத்தப்போக்கை உண்டாக்கும். பசுவின் கொடியைச் சாக்கில் கட்டி ஆலமரத்தில் தொங்கவிடுவது நம் ஊர் வழக்கம். ஆட்டுக்கொடியை ஆழக் குழிதோண்டி, சுண்ணாம்பு போட்டுப் புதைத்துவிடுங்கள். நாய் இழுத்துத் தின்றால் கிருமி தெருவெல்லாம் பரவும்.

கொடாப்புக் காலம்

தாயை முதல் நான்கைந்து நாள் மேய்ச்சலுக்கு ஓட்டாமல் குட்டியோடு வைத்திருங்கள். அதன்பின் தாய் காலை ஒன்பதுக்குப் போய் மாலை ஐந்துக்குத் திரும்பும், குட்டி கொடாப்பில் (குட்டிகளை அடைத்து வைக்கும் பெரிய கூடையில்) கிடக்கும். எட்டு மணி நேரம் என்பது பத்து நாள் குட்டிக்கு நீண்ட பட்டினி. மாலையில் தாய் வந்ததும் வெறிகொண்டு குடித்து, அதுவே கழிச்சலில் முடியும். காலை ஓட்டும் முன் வயிறு நிறைய ஊட்ட விடுங்கள். மதியம் ஒரு தடவை 75 முதல் 100 மில்லி புட்டிப்பால், முதல் மூன்று வாரமாவது. மாலையில் தாய்க்குத் தண்ணீர் காட்டி, மடியைத் துடைத்து, பிறகு குட்டியைத் திறந்துவிடுங்கள்.

கொடாப்பை ஒரே இடத்தில் வைத்திருக்காமல் நாள்தோறும் இடம் மாற்ற வேண்டும். அடியில் மூத்திர ஈரம் ஊறினால் நெஞ்சுச் சளியும் ரத்தக்கழிச்சலும் வரும். ஒரு கொடாப்பில் ஒரே வயதுக் குட்டிகளாக அடையுங்கள். இரண்டு மாதக் குட்டியோடு ஐந்து நாள் குட்டியைச் சேர்த்தால் பெரியது மிதித்துவிடும்.

வாரம் ஒருநாள் சாக்கில் போட்டுத் தராசில் தொங்கவிட்டு எடையைக் குறியுங்கள். நம் ரகங்களில் நாளுக்கு 50 முதல் 100 கிராம் ஏற வேண்டும். ஒரு வாரம் எடை அசையவே இல்லை என்றால் குட்டியை விட்டுவிட்டுத் தாயின் மடியைப் பாருங்கள். ஒரு பக்கம் கட்டியாக, சூடாக இருக்கும். பால் திரிந்து வரும்.

தாயில்லாக் குட்டிக்கு

அதே நாளில் ஈன்ற வேறொரு ஆடு இருந்தால் அதன் பனிக்குட நீரை இந்தக் குட்டியின் உடம்பில் பூசி முகத்தருகே விடுங்கள். இரண்டு நாள் கடந்துவிட்டால் ஏமாறாது. வேறு வழியில்லை என்றால் புட்டிதான்.

இரண்டு கிலோ குட்டிக்கு முதல் வாரம் நாளுக்கு 300 மில்லி, ஐந்து வேளையாக. இரண்டாம் வாரத்திலிருந்து மெல்லக் கூட்டி, முதல் மாத முடிவில் 500 முதல் 600 மில்லி, மூன்று வேளை. ஆட்டுப்பால் சிறந்தது, காய்ச்சி ஆறவைத்த பசும்பால் போதும். தண்ணீர் கலக்காதீர்கள், வயிறு நிறையும், எடை ஏறாது. பால் கையில் பட்டால் இதமான சூடாக இருக்க வேண்டும். நேரமும் சூடும் நாளுக்கு நாள் மாறுவதே கழிச்சலுக்கு முதல் காரணம். இரண்டாவது காரணம் கழுவாத காம்பு. ஒவ்வொரு முறையும் புட்டியையும் காம்பையும் பிரித்துக் கழுவி வெந்நீரில் அலசுங்கள்.

எதைக் கண்டால் ஓட வேண்டும்

கழிச்சல் வந்தால் ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய நீரில் தலைதட்டிய அளவாக ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு கலந்து, 50 மில்லி வீதம் நாளுக்கு ஐந்தாறு தடவை கொடுங்கள். பாலை முழுக்க நிறுத்த வேண்டாம். அளவைக் குறைத்து, இரண்டுக்கும் நடுவே இரண்டு மணி நேரம் இடைவெளி விடுங்கள். மூன்று வாரத்துக்கு மேற்பட்ட குட்டி ரத்தமோ கோழையோ கலந்து கழிந்தால் அது ரத்தக்கழிச்சல், அதற்கு மருந்து வேறு. சாணத்தைக் கொஞ்சம் டப்பாவில் எடுத்துக் கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோங்கள். கண்குழி விழுந்து, தோலைக் கிள்ளினால் மடிப்பு அப்படியே நின்றால் அன்றே போக வேண்டும்.

தொப்புள் தடித்துச் சூடாக இருப்பது, முழங்கால் வீங்கி நொண்டுவது, மூச்சு வாங்கி மூக்கில் சளி ஒழுகுவது, இவை எதுவும் நாளைக்குப் பார்க்கலாம் என்று விடக்கூடியவை அல்ல. நேற்றுவரை துள்ளிய, கொழுகொழுவென்ற குட்டி திடீரென்று துடித்துச் செத்தால் துள்ளுமாரியைச் சந்தேகியுங்கள். பட்டியிலேயே நன்றாகக் குடித்த குட்டியைத்தான் அது பிடிக்கும்.

மண் தின்னும் குட்டிக்குத் தாது உப்புக் கட்டியை மூக்கு மட்டத்தில் கட்டித் தொங்கவிடுங்கள். மண்ணோடு புழு முட்டையும் போகும்.

இலை, தீவனம், ஊசி

இரண்டாம் வாரத்திலேயே குட்டி இலையைக் கடித்துப் பார்க்கும். அகத்தி, வேலிமசால், முருங்கை இலையைக் கொத்தாகக் கட்டி, எட்டிக் கடிக்கும் உயரத்தில் தொங்கவிடுங்கள். தரையில் போட்டால் மிதித்து, மூத்திரம் பெய்து, அதையே தின்னும். சுபாபுல் கொடுக்கலாம், ஆனால் மொத்தப் பசுந்தீவனத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம், முடி கொட்டும்.

மூன்றாம் வாரத்திலிருந்து குட்டித் தீவனம். நூறு கிலோவுக்கு மக்காச்சோளம் 50, கடலைப் புண்ணாக்கு 30, கோதுமைத் தவிடு 17, தாது உப்புக் கலவை 2, சாதா உப்பு 1. பத்து கிலோ அரைத்தால் எல்லாம் பத்தில் ஒன்று. ஒரு கைப்பிடியில் தொடங்கி, இரண்டு மாதத்தில் 100 கிராம்வரை போகலாம். பெரிய ஆடு நுழையாதபடி குறுக்குக் கம்பு கட்டிய மூலையில் வையுங்கள். பூசணம் பிடித்த புண்ணாக்கு ஈரலைக் கெடுக்கும். முகர்ந்து பார்த்து வாங்குங்கள். இந்த வயதிலிருந்தே சுத்தமான தண்ணீர் எப்போதும் எட்டும்படி இருக்கட்டும்.

மேயத் தொடங்கியதும், ஒன்றரை இரண்டு மாதத்தில் முதல் குடற்புழு மருந்து. கண்ணால் பார்த்த எடைக்குக் கொடுக்காதீர்கள், தராசில் நிறுத்த எடைக்குக் கொடுங்கள். குறைந்த அளவு மருந்து புழுவைக் கொல்லாது, பழக்கிவிடும். ஆட்டுக்கொல்லி நோய்த் தடுப்பூசி மூன்று, நான்கு மாதத்தில். துள்ளுமாரி ஊசியும், தாய்க்குப் போட்டிருந்தால், அதே வயதில். சீக்கிரம் போட்டால் நல்லதுதானே என்று தோன்றும். சீம்பாலில் வந்த எதிர்ப்பு உடம்பில் இருக்கும்வரை ஊசி மருந்தை அதுவே அழித்துவிடும் என்பதால்தான் இந்தக் காத்திருப்பு. தாய்க்குப் போடவில்லை என்றால் மருத்துவரிடம் சொல்லி முன்கூட்டியே போட்டுக்கொள்ளுங்கள்.

மூன்று மாதத்தில் பால் மறக்கச் செய்யலாம், ஒரே நாளில் பிரிக்காமல் பத்து நாளில் ஒவ்வொரு வேளையாகக் குறைத்து. அப்போதே கிடாக்குட்டியையும் பெட்டைக்குட்டியையும் தனித்தனியாக அடைத்துவிடுங்கள். நான்கு மாதக் கிடா சின்னதாகத் தெரிந்தாலும் சினைப்படுத்திவிடும், கூடப் பிறந்ததையும் சேர்த்து.